அடுப்படி வழியே வந்த கிரேக்கம்

"லத்தீன் வறிய மொழி. சிந்திப்பதற்கே அது கிரேக்கத்திடம் கடன் வாங்க வேண்டியிருந்தது." ரோமானிய இலக்கியம் பற்றிய ஓர் இணைய விரிவுரையில் போகிறபோக்கில் வந்து விழுந்த வாக்கியம் இது. பேசியவர் நிறையப் படித்தவர். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அது பல நாள் நெருடிக்கொண்டே இருந்தது. மறுக்கச் சட்டென்று காரணம் ஒன்றும் தோன்றவில்லை. ரோமானியர்களே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். கிரேக்கத் தத்துவவாதி எப்பிக்யூரஸின் தத்துவத்தைச் செய்யுளாக்கிய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ், தாய்மொழியின் இன்மை தன்னைத் தடுக்கிறது என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எழுதுகிறார். ரோமானியத் தத்துவவாதி செனெகா ஒரு கடிதத்தில், நண்பர்களோடு பிளேட்டோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளில்தான் நம் மொழியின் சொல்வறுமை முழுதாகப் புரிந்தது என்கிறார். உள்ளேயிருந்தே வாக்குமூலம் வந்த பிறகு வெளியாள் என்ன வாதாடுவது?

ஆனாலும் அந்த வாக்கியத்தில் ஏதோ ஒன்று தலைகீழாக இருப்பதாகவே பட்டது. நான் மகப்பேறு மருத்துவர். நாள் முழுக்க வாயில் வரும் தொழிற்சொற்களில் பெரும்பகுதி லத்தீன். அந்த லத்தீனைச் சுரண்டினால் பாதிக்குக் கிரேக்கம் வரும். அந்தச் சொற்களின் பிறப்பைத் தெரிந்துகொள்ளத்தான் லத்தீன் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க என் கண்ணில் பட்ட கிரேக்கச் சொற்கள் சிந்தனைக்கு உரியவையாக இல்லை. எண்ணெய், நங்கூரம், குளியலறை, கூடை, பலகாரம், அபராதம், கன்னத்தில் விழும் அறை என்றே அவை வந்தன. தத்துவம் கற்க ஏதென்சுக்குப் போன இளைஞன் இந்த மாதிரிச் சொற்களைக் கட்டிக்கொண்டு திரும்பியிருக்க மாட்டான். இவற்றை வேறு யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள்.

சிந்தனைக்காக வாங்கிய சொற்கள் என்று விரிவுரையாளர் அடுக்கிய பட்டியலே ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோவிடம் இருக்கிறது. ஃபிலொசோஃபியா, ரெத்தோரிக்கா, டியலெக்டிக்கா, கிராமத்திக்கா, ஜியோமெத்ரியா, மூசிக்கா ஆகியவற்றை முன்னோர் வழக்கப்படி லத்தீன் சொற்களாகவே புழங்குகிறோம் என்று அவர் எழுதுகிறார். அவை எல்லாம் கலைகளின் பெயர்கள், பள்ளிக்கூடத்துச் சொற்கள். சிசரோ இதை எழுதியது கி.மு. 45-ல். அதற்குள் லத்தீனில் கிரேக்கச் சொற்கள் சில நூற்றாண்டுகளாகக் குடியிருந்து, பிள்ளை பெற்று, வந்த ஊரையே மறந்துவிட்டிருந்தன.

எண்ணெயிலிருந்து தொடங்க வேண்டும்

ஒலிவக்காய்க்கு லத்தீனில் ஒலீவா; அதன் எண்ணெய் ஓலெயும். இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஆனால் நாம் பாடநூலில் படிக்கும் ஏதென்சுக் கிரேக்கத்தில் அந்தச் சொல் எலாயா. நடுவே இருக்கும் 'வ' ஒலி எங்கிருந்து முளைத்தது? அது முளைக்கவில்லை, பிழைத்திருக்கிறது. மிகப் பழைய கிரேக்கத்தில் அந்தச் சொல் எலாய்வா என்று 'வ'கரத்தோடுதான் இருந்தது. பல வட்டார வழக்குகளில் அந்த ஒலி பின்னால் உதிர்ந்துபோயிற்று. 1952-ல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக்காட்டிய, மிகப் பழைய கிரேக்கம் எழுதப்பட்ட மைசீனியக் களிமண் பலகைகளில் ஒலிவத்தைக் குறிக்கும் சொல் 'வ'கரத்தோடு இருக்கிறது. கிரேக்கர்களில் பலர் தொலைத்த ஒன்றை, அவர்களிடம் எண்ணெய் வாங்கிய இத்தாலியக் குடியானவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஹோமரின் வீரர்களுக்கு லத்தீன் வைத்த பெயரான அக்கீவியிலும் அதே 'வ' உட்கார்ந்திருக்கிறது.

இத்தாலியின் தென்கரையிலும் சிசிலியிலும் கி.மு. எட்டாம் நூற்றாண்டிலிருந்தே கிரேக்கர்கள் குடியேறியிருந்தார்கள். குமே, சிரக்கூஸ், தாரெந்தம். ரோம் பெரிய ஊராவதற்கு முன்பே இவை துறைமுகங்கள். இவர்களில் சிரக்கூஸ்காரர்களும் தாரெந்தம்காரர்களும் பேசியது டோரியம் என்ற கிரேக்க வட்டார வழக்கு. ஏதென்சில் மேக்கனே என்பதை அவர்கள் மாகனா என்பார்கள். அதைக் காதால் கேட்டு வாங்கிய லத்தீன் அதை மாகினா ஆக்கிக்கொண்டது. இந்த 'க' எப்படிக் 'கி' ஆயிற்று என்பதில்தான் காலக்கணக்கு ஒளிந்திருக்கிறது. பழைய லத்தீனில் சொல்லின் முதல் அசையில் அழுத்தம் விழும். அதற்கு அடுத்து வரும் குறில்கள் தேய்ந்துபோகும். தலந்தோன் என்ற எடைக்கல் தலெந்தும் ஆனது. கமரா என்ற வளைகூரை காமெரா ஆனது. இந்தத் தேய்மானம் நடந்துகொண்டிருந்தபோதே அச்சொற்கள் லத்தீன்காரர்களின் வாயில் இருந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் நூல் வழியாக வந்த கிரேக்கச் சொற்களுக்கு இந்தத் தேய்மானம் கிடையாது. கல்வெட்டு எதுவும் இல்லாமலே, உயிரெழுத்தைப் பார்த்து ஒரு சொல் எப்போது வீட்டுக்குள் வந்தது என்று சொல்லிவிடலாம்.

ஒரே சொல் இரண்டு தடவை வந்ததும் உண்டு. மாகினா காது வழியாக, டோரிய வாயிலிருந்து வந்தது. பின்னால் அதே வேரிலிருந்து மெக்கானிக்கா ஏடு வழியாக, ஏதென்சின் உயிரெழுத்தோடு வந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் "மெக்கானிக்கைக் கூப்பிட்டு மெஷினைக் காட்டு" என்கிறோமே, அந்த ஒரு வாக்கியத்தில் அதன் இரண்டு வருகைகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வளைகூரையான காமெரா, கூரையிலிருந்து அறையைக் குறிக்க நகர்ந்தது. படம் விழும் இருட்டறையை 'இருண்ட காமெரா' என்றார்கள். அடைமொழி உதிர்ந்து, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கருவிக்கு அறையின் பெயர் தங்கிவிட்டது.

கடலிலிருந்து வந்தவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரோமானியர்கள் பிறவி மாலுமிகள் அல்ல. நங்கூரம் ஆங்கோரா, கிரேக்கம். குமட்டல் நௌசியா, கப்பலைக் குறிக்கும் நௌஸ் என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. கப்பலில் போகிறவனுக்கு வருவது. என் நோயாளிகளில் முதல் மூன்று மாதத்தில் அது வராதவர்கள் குறைவு. சுக்கான் பிடிப்பது கிரேக்கத்தில் கியுபெர்னான். இத்தாலியக் காதில் முதல் மெய் வன்மை குறைந்து, k ஒலி g ஒலியாகி, குபெர்னாரே ஆயிற்று. சுக்கான் பிடிப்பவன் குபெர்னாத்தோர். கப்பலைச் செலுத்துவதற்குரிய இந்த வினையையே சிசரோ அரசைச் செலுத்துவதற்கும் பயன்படுத்துகிறார். குபெர்னாத்தோர்தான் நம் கவர்னர். 1948-ல் நார்பர்ட் வீனர், இயந்திரமும் உயிரும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் முறை பற்றிய தன் துறைக்குப் பெயர் தேடியபோது அதே சுக்கான்காரனை மூலக் கிரேக்கத்திலிருந்தே எடுத்து சைபர்நெட்டிக்ஸ் என்று வைத்தார். அதன் தலையை மட்டும் வெட்டி எடுத்ததுதான் சைபர் குற்றத்தில் இருக்கும் சைபர். (பூஜ்யத்துக்கு நாம் சொல்லும் சைபர் அரபி, அதற்கும் இதற்கும் உறவில்லை.) கவர்னர் மாளிகையும் சைபர் கிரைம் காவல் நிலையமும் ஒரே மாலுமியின் பேரில் இயங்குகின்றன.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது போய்னா என்ற சொல். ஹோமரில் அது கொலைக்கு ஈடாகக் கட்டும் பொருள். அவர் காவியத்தின் வீரன் அகில்லீசின் கேடயத்தில் செதுக்கப்பட்ட ஊர்ச்சபையில் இரண்டு பேர் அந்த ஈட்டைப் பற்றித்தான் வழக்காடுகிறார்கள். ரோமின் முதல் எழுதப்பட்ட சட்டம், ஏறத்தாழ கி.மு. 450-ல் வந்த பன்னிரண்டு பலகைகள். அதில், ஒருவன் இன்னொருவனுக்குச் சிறு தீங்கு இழைத்தால் 25 ஆஸ் காசு அபராதம் என்று ஒரு விதி. அந்த 'அபராதம்' என்ற இடத்தில் இருப்பது இதே கிரேக்கச் சொல்தான். ரோமானியர்களுக்கே உரியதென்று உலகம் ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டென்றால் அது சட்டம். அந்தச் சட்டத்தின் முதல் ஏட்டிலேயே கிரேக்கம் இருக்கிறது. அப்போது ரோமில் தத்துவம் இல்லை, நாடகம் இல்லை, கவிதை நூல் ஒன்றுகூட இல்லை. கொடுக்கல் வாங்கலும் அடிதடியும் இருந்தன. சொல் அந்த வழியில் வந்தது.

கேட்டோவின் பலகாரம்

நஞ்சுக்கொடிக்குப் பிளசென்டா என்ற பெயர் எப்படி வந்தது என்று மருத்துவம் படித்த எல்லாருக்கும் மேலோட்டமாகத் தெரியும். இத்தாலிய உடற்கூற்றியலாளர் ரியால்டோ கொலம்போ, 1559-ல் வெளியான தன் நூலில், வட்டமான பலகாரம் போல இருக்கிறது என்று அதை அந்தப் பெயரால் குறித்தார். ஜெர்மானியர்கள் இன்னும் தங்கள் மொழியில் அதைத் தாய்ப் பலகாரம் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். பிரசவ அறையில் எங்கள் மூத்த செவிலியர் "நஞ்சு முழுசா வந்துடுச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் பிளசென்டா என்று எழுதுவார். அந்தப் பலகாரம் எப்படி இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை, கேட்டோவின் வேளாண் நூலைக் கையில் எடுக்கும்வரை.

ரோமானிய அரசியல்வாதி மார்க்கஸ் கேட்டோ கி.மு. 234-ல் பிறந்து 149-ல் இறந்தவர். அவருடைய வேளாண் நூல் நமக்கு முழுதாகக் கிடைத்திருக்கும் மிகப் பழைய லத்தீன் உரைநடை நூல். எருது வாங்குவது, வேலையாட்களுக்கு எவ்வளவு படியளப்பது, செக்கு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று சுருக்குச் சுருக்கென்று கட்டளையாகவே போகும். நடுவில் திடீரென்று சமையல் குறிப்புகள். 76-ஆவது பகுதி பிளசென்டா செய்வது எப்படி என்கிறது. அடிமாவுக்கு 2 ராத்தல் கோதுமை மாவு. மேலே அடுக்கும் மெல்லிய தகடுகளுக்கு 4 ராத்தல் மாவும் 2 ராத்தல் குறுநொய்யும். புளிக்காத, புத்தம்புதிய ஆட்டுப் பாலாடைக்கட்டி 14 ராத்தல். அதை மூன்று தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிய வேண்டும். நல்ல தேன் நாலரை ராத்தல். தகடு, அதன்மேல் கட்டியும் தேனும், மறுபடி தகடு என்று அடுக்கி, எண்ணெய் தடவிய இலைகளின் மேல் வைத்து, சுட்ட மண்மூடியால் மூடி, மேலேயும் சுற்றியும் தணல் போட்டு மெல்ல வேகவிட வேண்டும். ரோமானிய ராத்தல் ஏறக்குறைய 327 கிராம். கட்டி மட்டுமே நாலரைக் கிலோவுக்கு மேல். ஒரு குடும்பத்துக்கான பண்டம் அல்ல இது. ஏதோ விசேஷத்துக்கு ஊரைக் கூட்டிப் போட்டிருக்க வேண்டும்.

பிளசென்டா கிரேக்கச் சொல். தட்டையான பண்டம் என்ற பொருளில் பிளாக்கூஸ் என்பது எழுவாய் வடிவம். ஆனால் லத்தீன் எடுத்துக்கொண்டது எழுவாயை அல்ல. பிளாக்கூந்தா என்ற இரண்டாம் வேற்றுமை வடிவத்தை. இலக்கணம் படித்தவன் ஒரு சொல்லைக் கடன் வாங்கினால் அகராதியில் முதலில் நிற்கும் வடிவத்தை வாங்குவான். பலகாரம் கேட்பவனோ "பிளாக்கூந்தா கொடு", "பிளாக்கூந்தா செய்" என்றுதான் சொல்வான். அங்காடியிலும் அடுப்படியிலும் காதில் விழும் வடிவம் அது. மது கலக்கும் பெரிய பாத்திரமான கிராத்தேர் லத்தீனில் கிராத்தேரா ஆனதும் இதே வழியில்தான். செயப்படுபொருளாகவே கேட்டுப் பழகிய வாய்கள் அந்தச் சொற்களை ரோமுக்குக் கொண்டுவந்தன. அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தபோது, விரிவுரையில் கேட்ட வாக்கியத்தில் எனக்கு எது உறுத்தியது என்று தெளிந்துவிட்டது. சிந்தனைக்காக வாங்கிய கடன் என்று சொல்லும்போது, வாங்கியவர்களின் கூட்டத்திலிருந்து சமையற்காரர்களையும் படகோட்டிகளையும் அடிமைகளையும் வெளியே தள்ளிவிடுகிறோம்.

கேட்டோவை இங்கே கவனிக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. கிரேக்கத்தை அவரைவிடக் கடுமையாக எதிர்த்த ரோமானியர் கிடையாது. மகனுக்கு எழுதிய அறிவுரையில், அந்த இனம் தன் எழுத்துகளை நமக்குக் கொடுக்கும் நாளில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்கிறார். அதிலும் மருத்துவர்களை அனுப்பினால் இன்னும் மோசம், எல்லா அந்நியரையும் மருந்தால் கொல்லச் சபதம் எடுத்திருக்கிறார்கள் என்று எச்சரிக்கிறார். பின்வந்த ரோமானிய நூலாசிரியர் பிளினி இதை எடுத்துத் தந்திருக்கிறார். கேட்டோவின் அச்சத்துக்குப் பின்னணி இல்லாமலில்லை. கி.மு. 219-ல் தென் கிரேக்கத்தின் பெலொபொனீசிலிருந்து ரோமுக்கு வந்த அர்ககாதஸ் என்ற முதல் கிரேக்க மருத்துவரை முதலில் ஊரே கொண்டாடியது. அவர் வெட்டுவதும் சுடுவதும் மிஞ்சிப்போகவே, கொலையாளி என்ற பட்டம் வந்துவிட்டது. அந்தக் கேட்டோவின் தோட்டத்தில் எண்ணெயின் பெயர் கிரேக்கம், செக்கின் பெயர் கிரேக்கம், ஜாடியின் பெயர் கிரேக்கம். 119-ஆவது பகுதியில் ஒலிவக்காயைக் கொட்டை நீக்கிக் கொத்தி ஒரு தொக்கு செய்யச் சொல்கிறார். அதன் பெயர் எபித்தீரும், 'பாலாடைக்கட்டியின் மேல் வைப்பது' என்ற கிரேக்கம். அதில் போடும் கொரியாந்துரும், குமீனும், மெந்தா ஆகிய மூன்றும், அதாவது கொத்தமல்லி, சீரகம், புதினா, கிரேக்கர் வழி வந்த பெயர்கள்.

இதைக் கேட்டோவின் முரண்பாடு என்று சொல்லி முடித்துவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவருக்குக் கிரேக்கம் தெரியும். வேண்டாமென்று நினைத்த சொல்லை விலக்கும் அளவுக்கு மொழி ஆளுமையும் இருந்தது. அவர் எதிர்த்தது கிரேக்க நூல்களின் அதிகாரத்தை, மேடையேறிப் பேசுகிறவர்களை, உடம்பில் கை வைக்கிறவர்களை. செக்கையும் புதினாவையும் எதிர்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவை அவருக்கு முந்திய தலைமுறைகளிலேயே தோட்டத்துச் சொற்களாகிவிட்டிருந்தன. கைவேலையோடு சேர்ந்து வரும் சொல் அந்த வேலையைச் செய்கிற எவருக்கும் சொந்தமாகிவிடுகிறது.

சமையற்காரனைப் பற்றி வரலாற்றாசிரியர் லிவி சொல்வதும் இதோடு பொருந்துகிறது. கி.மு. 187-ல் ஆசியாவிலிருந்து வெற்றியோடு திரும்பிய படை சொகுசுகளையும் கொண்டுவந்தது; அதுவரை மிக மலிவான அடிமையாக இருந்த சமையற்காரனுக்கு அன்றிலிருந்து மதிப்பு ஏறியது; ஊழியமாக இருந்தது கலையாக எண்ணப்படலாயிற்று என்று வருந்துகிறார். அவருடைய வருத்தம் எனக்கில்லை. அந்த அடிமைகளின் வாய்தான் லத்தீனின் சொற்களஞ்சியத்தை நிரப்பியது. பிளாட்டஸின் நகைச்சுவை நாடகங்களில் கிரேக்கச் சொற்களைக் கொட்டுகிறவர்கள் பெரும்பாலும் அடிமைகளும் ஒட்டுண்ணிகளும் சூதுக்காரர்களும்தான். கன்னத்தில் விடும் குத்துக்குக் கொலாஃபுஸ் என்ற கிரேக்கச் சொல் அங்கே சாதாரணம். அறைக்கு லத்தீனில் அலப்பா என்ற சொல் இருந்தும்! பிரெஞ்சின் கூ, ஸ்பானியத்தின் கோல்பே, இத்தாலியத்தின் கோல்போ எல்லாம் அந்தக் குத்தின் வாரிசுகள்.

இல்லாத இடத்தில் வாங்கவில்லை

அந்த அலப்பாவை நினைத்தால் வறுமை என்ற விளக்கம் நிற்காது. அடிக்கும் அபராதத்துக்கும் லத்தீனில் சொல் இல்லாமலா? மூல்த்தா இருந்தது, சுப்ளீக்கியும் இருந்தது. இருந்தும் போய்னா வந்தது. ஆனால் உண்மையிலேயே சொல் இல்லாத இடத்தில் என்ன நடந்தது? லுக்ரீஷியஸுக்கு அணுவைச் சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் ஆத்தொமோஸ் தயாராக இருக்கிறது. ஆறு தொகுதி நீளும் அந்தப் பாட்டில் அவர் அந்தச் சொல்லைத் தொடவில்லை. பொருள்களின் விதைகள், முதல் உடல்கள், தொடக்கங்கள் என்று லத்தீனின் சொந்தச் சொற்களை வைத்தே சாதித்துவிடுகிறார். சிசரோவுக்குப் 'பண்பு' என்ற பொருளில் பிளேட்டோ புழங்கிய பொயோத்தேஸ் வேண்டியிருந்தது. பொயோஸ் என்றால் 'எப்படிப்பட்ட'. லத்தீனில் 'எப்படிப்பட்ட' என்பதற்குக் குவாலிஸ். அதிலிருந்து குவாலித்தாஸ் என்று வார்த்தார். ஒழுக்கத்தைக் குறிக்கும் ஏத்தோஸிலிருந்து கிரேக்கர்கள் ஏத்திகோஸ் செய்ததைப் பார்த்து, மோரெஸிலிருந்து மோராலிஸ் செய்தார். குவாலிட்டி, மாரல் என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படுபவை அவர் பட்டறையில் வார்த்தவை. சாரம் என்ற பொருளில் வரும் எஸ்ஸென்ஷியா என்ற சொல்லுக்கும் சிசரோவையே பொறுப்பாக்குகிறார் செனெகா.

ஆக, விரிவுரையாளரின் வாக்கியத்தை நான் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. லத்தீன் கையிருப்போடு இருந்த இடங்களில் தாராளமாக வாங்கியது. கையிருப்பு இல்லாத இடங்களில் பெரும்பாலும் சொந்தமாகச் செய்துகொண்டது. ஃபிலொசோஃபியா போன்ற கலைப்பெயர்கள் இதற்கு விலக்கு என்பதை மறுக்கவில்லை. ஆனால் துறையின் பெயர்ப்பலகைதான் கிரேக்கம். உள்ளே வேலை நடந்தது லத்தீனில். லத்தீன் கிரேக்கத்தைவிட வளமானது என்றுகூட சிசரோ ஓரிடத்தில் வாதிடுகிறார். அதை நான் ஏற்கவில்லை, ஆனால் பிளேட்டோவை லத்தீனில் பேசவைத்த ஒருவருக்கு அப்படிச் சொல்லும் உரிமை உண்டு.

வாங்கிய சொல் சும்மா இருப்பதும் இல்லை. ஸ்தோமாகோஸ் என்பது ஹோமரில் தொண்டை. பிறகு இரைப்பையின் வாய். லத்தீனுக்கு வந்து ஸ்தோமாகுஸ் இரைப்பையாகி, அதோடு நிற்காமல் சினமும் ஆயிற்று. சிசரோவின் கடிதங்களில் எரிச்சல் என்று பொருள்படும் இடங்களில் ஸ்தோமாகுஸ் வரும். ஸ்தோமாகாரி என்றால் எரிச்சல் கொள்வது. வயிற்றெரிச்சல் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இந்த நகர்வு சுலபமாகப் புரியும். ரோமில் மட்டும் நடந்த வளர்ச்சி அது.

குடியுரிமை யார் கொடுப்பது

எழுத்தறிந்தவர்கள் காவலுக்கு நின்ற காலமும் வந்தது. பழைய லத்தீனுக்கு மூச்சொலி சேர்ந்த கிரேக்க மெய்கள் (ph, kh போன்றவை) வராது. போர்ஃபுரா என்ற சாயம் புர்ப்புரா ஆயிற்று. பீருஸ் என்ற அரசனைக் கவிஞர் என்னியஸ் புர்ருஸ் என்றே எழுதினார். பின்னால் கல்வி பரவப் பரவ, மூச்சொலியோடு உச்சரிப்பதும் பரவியது. முன்னோர் சொன்னபடி திரியும்போஸ் என்று மூச்சில்லாமல் சொல்லிக்கொண்டிருந்த சிசரோ, கேட்பவர்களின் காது தன்னைக் கண்டித்ததால் கடைசியில் வழிக்கு வந்ததாக எழுதுகிறார்: பேச்சு வழக்கை மக்களுக்கு விட்டுக்கொடுத்தேன், அறிவை எனக்கென்று வைத்துக்கொண்டேன். வெற்றி ஊர்வலமான அந்தத் திரியும்ஃபுஸ்கூட மதுக்கடவுள் டயோனிசஸின் பாட்டைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து, பெரும்பாலும் ரோமின் அண்டை இனத்தவரான எத்ருஸ்கர் வழியாக, வந்ததுதான். கிரேக்கச் சொற்களைச் சரியாக எழுதவென்றே ஒய், இசட் என்ற இரண்டு எழுத்துகளை வரிசையின் கடைசியில் சேர்த்தார்கள். ஆங்கில எழுத்து வரிசையில் அவை இன்னும் கடைசியில் நிற்பதற்கு அதுதான் காரணம். அந்த இரண்டு ஒலிகள் வரும்போது நம் பேச்சே முகம் மலர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது என்று ஆசிரியர் குயின்டிலியன் எழுதுகிறார். அந்நிய ஒலியை அவ்வளவு அன்போடு வரவேற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார் என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

பேரரசர் டைபீரியஸ் நேர் எதிர். கிரேக்கம் சரளமாகப் பேசுவார். ஆனால் அரசவையில் விடமாட்டார். ஒருமுறை மொனொபோலியும் என்ற சொல்லைப் பயன்படுத்த நேர்ந்தபோது, அயல்சொல்லுக்காக முன்கூட்டியே பொறுத்தருளக் கேட்டாராம். செனட்டின் தீர்மானம் ஒன்றில் எம்ப்ளேமா என்ற கிரேக்கச் சொல் வந்ததை எடுக்கச் சொன்னார். ஒரு சொல் கிடைக்காவிட்டால் பல சொல்லால் விளக்குங்கள் என்றார். இதைப் பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சுவெட்டோனியஸ் பதிவு செய்திருக்கிறார். அதே சுவெட்டோனியஸ் சொல்லும் இன்னொரு நிகழ்ச்சி இதைவிடக் கூர்மையானது. டைபீரியஸ் பேச்சில் வந்த ஒரு சொல்லை இலக்கண ஆசிரியர் போம்போனியஸ் மார்செல்லஸ் கண்டித்தார். சட்டவல்லுநர் அத்தேயுஸ் காப்பித்தோ பேரரசருக்குப் பரிந்துகொண்டு, அது லத்தீன்தான், இல்லாவிட்டாலும் இனிமேல் லத்தீன் ஆகிவிடும் என்றார். மார்செல்லஸ் சொன்னார்: காப்பித்தோ பொய் சொல்கிறார், சீசர், நீங்கள் மனிதர்களுக்குக் குடியுரிமை கொடுக்கலாம், சொல்லுக்குக் கொடுக்க முடியாது.

அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். பேரரசரால் முடியாது என்றது முற்றிலும் சரி. ஆனால் இலக்கண ஆசிரியராலும் முடியாது. ஒலீவாவுக்கும் பிளசென்டாவுக்கும் குடியுரிமை கொடுத்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. டைபீரியஸ் தயங்கித் தயங்கிச் சொன்ன மொனொபோலியும் இன்று வணிகப் பாடம் படிக்கும் ஒவ்வொரு மாணவனின் வாயிலும் இருக்கிறது.

கிரேக்கமும் வாங்கிக் கொடுத்ததுதான். மிளகுக்கு லத்தீனில் பிப்பெர், கிரேக்கத்தில் பெப்பெரி, அதற்கு முன்னால் இந்தியப் பிப்பலி, நம் திப்பிலியின் உறவு. இஞ்சியின் கிரேக்கப் பெயர் ஸிங்கிபெரிஸ். அதன் அடியில் திராவிட மொழிகளின் இஞ்சியும் வேரும் இருப்பதாகவே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். எகிப்திலிருந்து முசிறிக்கு வந்துபோன கப்பல்காரர்கள் கிரேக்கம் பேசியவர்கள். சரக்கோடு பெயரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். உறைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத இதற்காகவா இந்தியா வரை போகிறோம் என்று பிளினி மிளகைப் பார்த்து அங்கலாய்க்கிறார்.

கடைசிப் பெரிய அலையும் கீழிருந்துதான் வந்தது. ரோமின் முதல் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கிரேக்கம் பேசிய எளியவர்கள். பவுல் ரோமர்களுக்கு எழுதிய கடிதமே கிரேக்கத்தில்தான் இருக்கிறது. ஊர்க்குடிகளின் கூட்டத்தைக் குறித்த எக்கிளேசியா திருச்சபையானது. மேற்பார்வையாளனான எபிஸ்கோபோஸ் நம் பிஷப் ஆனார். சாட்சியைக் குறித்த மார்த்துஸ், உயிரைக் கொடுத்த சாட்சி ஆனார். முழுக்குக் கொடுப்பதற்குப் பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் திங்கெரே என்ற லத்தீன் வினையைப் புழங்கிப் பார்த்தார், நனைப்பது என்று பொருள். நிலைத்தது பாப்டிஸாரே. இயேசு சொன்ன உவமைக்குப் பராபொலா என்றார்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. உவமை கேட்டுக் கேட்டு அது பேச்சுக்கே பெயராயிற்று, பிறகு சொல்லுக்கும். லத்தீனுக்கு வெர்பும் என்ற நல்ல பழைய சொல் கையில் இருக்கும்போதே இது நடந்தது. இத்தாலியரின் பரோலா, ஸ்பானியரின் பாலாப்ரா, போர்ச்சுக்கீசியரின் பலாவ்ரா, 'பேசு' என்ற பிரெஞ்சுக்காரரின் பார்லே எல்லாம் அந்தப் பராபொலாதான்.